17 வளைவுகளும் ஒரு மொபெட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் மதுரை வாசகர் ஒருவர், போடிமெட்டு மலைச்சாலையில் மொபெட்டுகளையும் நூறு சிசி வண்டிகளையும் விடக்கூடாது என்று எழுதியிருந்தார். அவை திணறித் திணறி ஏறுவதால் உண்மையான பைக் ஓட்டிகளுக்கு இடைஞ்சலாம். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். பதில் எழுதும் எண்ணம் அப்போது இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பையன் என் ஒர்க் ஷாப்புக்கு வந்தான். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. வயது இருபதோ இருபத்தொன்றோ. கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய நூறு சிசி வண்டி. "அண்ணே, இதை வித்துட்டு லோன் போட்டு ஒரு 350 எடுக்கலாம்னு இருக்கேன். இதையெல்லாம் வண்டின்னே எவனும் மதிக்க மாட்டேங்குறான்" என்றான். தினக்கூலிக்குப் போகிறவன். மாசாமாசம் தவணை கட்ட அவனால் முடியாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தை அவனுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் போடிக்காரன். பூப்பாறையில் இருசக்கர வாகன ஒர்க் ஷாப் வைத்து 28 வருடம் ஆகிறது. மூணாறு, போடிமெட்டு, நெடுங்கண்டம், ராஜாக்காடு என்று நாலு பக்கச் சாலையும் இங்கே வந்து கூடுவதால் எல்லா வகை வண்டியும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏலக்காய் மூட்டை ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டும் வரும், கொச்சியிலிருந்து பத்துப் பேராகக் கிளம்புகிற 650 சிசி வண்டிகளும் வரும். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் எப்படி ஓட்டுகிறவர் என்பதை வண்டியே சொல்லிவிடும். பின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் போதும். பிரேக் ஷூவின் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்து, கருகல் வாடை அடித்தால், அவர் இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தவர். கிளட்ச் பிளேட் கருகியிருந்தால் ஏற்றத்தில் அரை கிளட்சிலேயே இழுத்தவர். ஸ்பிராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினை அவர் குனிந்து பார்த்து வருடமாகியிருக்கும். இதே கோளாறுகளை 97 சிசி வண்டியிலும் பார்த்திருக்கிறேன், லட்சக்கணக்கில் விலை போகிற வண்டியிலும் பார்த்திருக்கிறேன். ஒரே வித்தியாசம், பெரிய வண்டிக்கு ஸ்பேர் விலை அதிகம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டினாள். மோட்டார் சைக்கிள் என்பதற்கு அதில் உள்ள விளக்கம் இரண்டு சக்கரமுள்ள மோட்டார் வாகனம் என்பதுதான், கழற்றக்கூடிய சைடு கார் மாட்டியிருந்தாலும் சேர்த்து. இன்ஜின் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. மொபெட்டுக்கு லைசென்ஸ் எடுத்தாலும் 'கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்' என்றுதான் போடுகிறார்கள். சிசி என்ற பேச்சு வருகிற இடங்கள் வேறு. 25 சிசிக்கு மேற்படாத இன்ஜின் உள்ள இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. 50 சிசிக்கு மேற்படாததை 16 வயதில் ஓட்டலாம், அதற்கு மேல் என்றால் 18. ஆக, என்னிடம் வண்டி விடுகிற ஒரு வெற்றிலைக்காரரின் எக்ஸ்எல்லும் சட்டப்படி மோட்டார் சைக்கிள்தான்.

அந்த வெற்றிலைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேவாரத்துப் பக்கம் ஊர். அறுபதைத் தாண்டியவர். சின்னமனூர் வெற்றிலையை ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வாரம் இரண்டு நாள் மலையேறி வந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கடைகளுக்குப் போட்டுவிட்டு இறங்குவார். முன்பு எக்ஸ்எல் சூப்பர் வைத்திருந்தார், 69.9 சிசி, டூ ஸ்ட்ரோக். இப்போது எக்ஸ்எல் 100. அதுவும் சரியாகச் சொன்னால் 99.7 சிசிதான்.

முந்தலில் ஏற்றம் பிடித்தால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி நாலாயிரம் அடிக்கு மேல். மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜினின் வலு குறையும். நூறு சிசிக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வண்டிக்கு உண்மையான சோதனை இறக்கம்தான். எக்ஸ்எல்லுக்கு மாற்றிப் போட கியர் கிடையாது. ஆக்சிலேட்டரை, அதாவது த்ராட்டிலை, விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாகவே விடுபட்டுவிடும். இன்ஜின் பிடித்து நிறுத்தும் என்று நம்ப முடியாது, பிரேக் மட்டும்தான். பழைய டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு தொந்தரவும் இருந்தது. ஆயில் பெட்ரோலோடு கலந்தே இன்ஜினுக்குள் போகும். நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை மூடியே வைத்தால் பெட்ரோல் போகாது, கூடவே ஆயிலும் போகாது, பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். அதனால் இவர் இடையிடையே த்ராட்டிலைக் கொஞ்சம் திருகி விட்டுக்கொண்டே இறங்குவார். எந்தப் புத்தகத்தில் படித்தார்? சத்தத்தைக் கேட்டுக் கற்றுக்கொண்டது.

இன்றைக்கும் இறங்கும்போது இரண்டு இடத்தில் ஓரங்கட்டுவார். புறங்கையை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். தண்ணீர் ஊற்ற மாட்டார், சூட்டில் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடும் என்று தெரியும். சூடு தணிகிற வரை ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 20 வருடத்தில் அவர் வண்டிக்கு பிரேக் ஷூ மாற்றியிருக்கிறேன், கேபிள் மாற்றியிருக்கிறேன், செயின் மாற்றியிருக்கிறேன். விழுந்து வளைந்த ஹேண்டில் பாரை நிமிர்த்தியதில்லை.

அப்புறம் அந்தக் கற்கள். மலைச்சாலையில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் லாரி நின்றுபோனால் பின் டயருக்கு முட்டாகக் கல் வைப்பார்கள். லாரி கிளம்பியதும் கல் அங்கேயே கிடக்கும். கார்க்காரர் பார்த்து விலகிவிடுவார். இரவில், மூடுபனியில், வளைவில் திரும்புகிற இரண்டு சக்கர வண்டிக்கு அந்தக் கல் எமன். வெற்றிலைக்காரர் கல்லைக் கண்டால் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, உருட்டி ஓரத்தில் தள்ளிவிட்டுத்தான் போவார். என்னிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. ஒரு தடவை அவருக்குப் பின்னால் இறங்கியபோது நானே பார்த்தேன். மூன்று வளைவில் மூன்று கல். அந்த நேரத்தில் அவரைத் தாண்டிப் போன வண்டிகள் எத்தனையோ. அதில் ஒருவர்கூட நிற்கவில்லை. இவரைத்தான் சாலையை விட்டு விலகச் சொல்கிறார் அந்த வாசகர்.

பெரிய வண்டி ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு ஆடி மாதம், மழையும் மூடுபனியுமாகப் பத்தடிக்கு மேல் கண் தெரியாத சாயங்காலம். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் தோட்டத்துப் பெண்களை ஏற்றி வந்த ஜீப் ஓடையில் இறங்கிவிட்டது. நல்ல வேளை, பெரிய அடி யாருக்கும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது 650 சிசி வண்டியில் வந்த ஒரு மலையாளி இளைஞர், வண்டியை வளைவுக்கு மேல் ஐம்பது அடி தள்ளி நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் மின்ன விட்டு, நடுச்சாலையில் ஹெல்மெட்டை ஆட்டிக்கொண்டு நின்றார். வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, மெதுவாகப் போகச் சொல்லி அனுப்பினார். ஒன்றரை மணி நேரம் நனைந்தார். கடைசிப் பெண் வேறு ஜீப்பில் ஏறிய பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார். கட்டன் சாயா குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். நேரமாகிவிட்டது சேட்டா என்று கிளம்பிவிட்டார். வெற்றிலைக்காரரும் அவரும் ஒரே சாதி என்பேன் நான்.

மதுரை வாசகர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதிக பாரம் ஆபத்துதான். எக்ஸ்எல்லில் மூன்று மூட்டையும் மேலே ஒரு ஆளும் ஏற்றி வருகிறவர்களை நானே நிறுத்தித் திட்டியிருக்கிறேன். சிறிய வண்டியில் பாதுகாப்பும் குறைவு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் பிடிக்கிற சிபிஎஸ் போதும் என்றுவிட்டார்கள். ஈரச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். அது இல்லாத வண்டியில் அந்த வேலையை ஓட்டுகிறவரின் விரல்தான் செய்ய வேண்டும். அப்படியானால் சிறிய வண்டிக்காரருக்குக் கைப்பழக்கம் அதிகம் வேண்டும் என்றல்லவா ஆகிறது?

பெரிய வண்டிக்கு டிஸ்க் பிரேக் இருக்கிறதே என்று நம்பி இறங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால், விடாமல் பிரேக் பிடித்து இறங்கும்போது சூட்டில் அது கொதித்துக் குமிழ் விடும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. மூணாறு போடிமெட்டு சாலையை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்த பிறகு வேகம் ரொம்பக் கூடிவிட்டது. சாலை அகலமானாலும் இறக்கம் பழைய இறக்கம்தான்.

இதையெல்லாம் நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1995-ல் எனக்கு 22 வயது. நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி, அந்தக் காலத்தில் போடி பஜாரில் அதைவிட வேகமாகக் கிளம்புகிற வண்டி இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு மெட்டிலிருந்து இறங்கினேன். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விட்டது. கியரைப் போட முயன்றேன், அந்த வேகத்தில் விழவில்லை. வளைவில் ஓரச்சுவரை உரசி ஓடைக்குள் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு, தம்பிக்குக் கால் முறிவு. இன்றும் மழைக்காலம் வந்தால் அவன் அந்தக் காலை நீவிவிட்டுத்தான் படியேறுவான். அவன் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று லாரி டிரைவர்கள் சொல்வதை அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். காதில் விழுந்தது, கைக்கு வரவில்லை.

இன்ஜின் அளவை வைத்து ஆளை அளக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டிவிஎஸ் 50 வெளிவந்தது 1980-ல். இரண்டு பேர் உட்காரக்கூடிய அந்த மொபெட்டில் எங்கள் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் தலையெடுத்தன! ஜப்பானில் 49 சிசியில் 1958-ல் ஆரம்பித்த ஹோண்டா சூப்பர் கப் வகை வண்டிகள் 2017-ல் பத்துக் கோடியைத் தொட்டன. பந்தயம்தான் பெரிது என்பவர்களுக்கும் ஒரு செய்தி. உலக மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் 1962 முதல் 1983 வரை 50 சிசிக்கென்று தனிப் பிரிவே இருந்தது. அதில் ஜெயித்தவர்களை ரைடர் இல்லை என்று சொல்வார்களா?

வளைவில் மேலேறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. இடம் போதாத இடத்தில் இறங்குகிறவர்தான் ஓரங்கட்டி நிற்க வேண்டும். பாரத்தோடு மூச்சு வாங்கி ஏறுகிற எக்ஸ்எல்லை ஹாரன் அடித்து ஓரத்துக்குத் துரத்துகிறவர், அவர் வண்டி எத்தனை சிசியாக இருந்தாலும், அந்த இடத்தில் விதியை மீறுகிறார். சைலன்ஸரை வெட்டிச் சத்தம் கூட்டித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவேன். சின்னக்கானல், ஆனயிறங்கல் பக்கம் யானை நிற்கிற காடு. அந்தச் சத்தத்துக்கு மிரண்ட யானை, பின்னால் அமைதியாக வருகிற வெற்றிலைக்காரரைத்தான் மறிக்கும்.

உங்கள் பேப்பரில் புது வண்டி வந்தால் படத்தோடு அரைப்பக்கம் போடுகிறீர்கள். நானும் விரும்பிப் படிக்கிறேன். கூடவே மாதம் ஒரு தடவையாவது, மலையிறக்கத்தில் எப்படி ஓட்டுவது, பிரேக் ஷூ தேய்ந்ததை டிரம்மில் இருக்கிற அம்புக்குறியை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கால் பக்கம் போடுங்கள். வளைவுகளில் கிடக்கும் கற்களை அப்புறப்படுத்த நெடுஞ்சாலைத் துறைக்கும் உங்கள் மூலமாகக் கோரிக்கை வைக்கிறேன். லாரி ஓட்டும் தம்பிமார்களே, கிளம்பும்போது கிளீனரை இறக்கி அந்தக் கல்லை எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் நேற்று சாயங்காலம் மறுபடி வந்தான். வண்டியை விற்பதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்பானரை அவன் கையில் கொடுத்துப் பின் பிரேக் ஷூவை அவனையே மாற்றச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்பிரிங் இரண்டு தடவை தெறித்து ஓடியது, தேடி எடுத்து மாட்டினான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியில் அவனும் என் வண்டியில் நானுமாக முந்தல் வரை இறங்கப் போகிறோம். முதல் வளைவிலிருந்தே இரண்டாவது கியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
பூப்பாறை, இடுக்கி மாவட்டம்.