பொன்வண்டு இல்லை மாப்ளே

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள மாப்ளே,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாசல் லைட்டைப் போட்டால் வீடெல்லாம் பூச்சி, உன் தங்கச்சியிடம் திட்டு எனக்கு.

லாஸ்பேட்டை மொட்டைமாடியில் பிடித்ததாகப் படம் அனுப்பினாயே, அது பொன்வண்டு இல்லை, சொடக்கு வண்டு. கழுத்துப் பட்டையின் பின்மூலை இரண்டும் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன, பார். சந்தேகமிருந்தால் மல்லாக்கப் போடு. நெஞ்சுக்கடியில் ஒரு முள், அதற்கு நேராக ஒரு குழி. உடம்பை வளைத்து, முள்ளைக் குழியின் விளிம்பில் முட்டுக்கொடுத்து அப்படியே இருக்கும். நழுவியதும் 'டிக்', ஆள் அந்தரத்தில்! கால்களுக்கு இதில் வேலையே இல்லை. ஐரோப்பிய இனம் ஒன்றை அளந்தபோது, புவியீர்ப்பைப் போல 380 மடங்கு முடுக்கம் வந்ததாம்.

'லானிலேட்டர் ஃபஸ்கிபஸ் என்ற சொடக்கு வண்டு இனம்தானே?' என்கிறாய். இருக்கலாம். ஆனால் உலகில் இந்தக் குடும்பத்தில் சுமார் 10,000 இனங்கள். பாதிக்கு மேல் பழுப்பு, மீதியில் பாதி கறுப்பு என்றுதான் எனக்குத் தோன்றும். முதுகுப் படத்தை வைத்துப் பெயர் சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. உணர்கொம்பு ஒதுங்கும் பள்ளம் கீழ்ப்பக்கத்தில் எதுவரை ஓடுகிறது, மேலே செதிலா மயிரா, இறக்கை தொடங்கும் இடத்திலுள்ள சின்னத் தகடு இதய வடிவமா என்றெல்லாம் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடு.

'புதுச்சேரியில் நிறைய, கடலூரில் இல்லை' என்று, ஆட்கள் படம் எடுத்துப் பதிந்த இடங்களைப் புள்ளியாகக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து முடிவு கட்டாதே. புள்ளி விழுவது கேமரா இருக்கிற இடத்தில்தான். பண்ருட்டி முந்திரித்தோப்பில் ராத்திரி லைட் போட்டு யார் உட்காருகிறார்கள்? அந்தக் காலத்திலும் இதே கதைதான். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தார், அதனால் அந்தப் பக்கத்துப் பூச்சிகள் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபபிரீசியஸ் கைக்குப் போய்ப் பெயர் வாங்கின. பலவற்றுக்கு ஊர் என்று எழுதியது வெறும் 'இந்தியா'!

ஆகவே தேதி, இடம், லைட்டடியிலா மக்கிய கட்டைக்குள்ளா, மூன்றையும் குறித்து வை. பொங்கலுக்கு வரும்போது படங்களைக் கொண்டு வா.

உன்
மச்சான்