'தகிட'வில் 'கி'யை முழுங்கிவிடு

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, பெரிய நிம்மதி. சொட்டு மருந்து போட அடம்பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாய். நான் சொன்னதாகச் சொல்லு, கேட்பார்.

சபாவுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் அறுபது பேருக்குக் கீழே போய்விட்டார்கள், பேசாமல் கலைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். சும்மா "வேண்டாம்டா" என்று எழுதிப் போடலாம்தான். ஆனால் நானே இங்கே ஒரு சங்கத்தை எழுப்புகிறேன் பேர்வழி என்று இரண்டு வருஷமாகக் கழுத்துவரை மாட்டிக்கொண்டிருக்கிறேன், உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. தமிழ்ச் சங்கம் இல்லை. ஜாஸ். டாலஸ் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் ஜாஸ் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களுக்கான சங்கம். மிருதங்கத்தைப் பாதியில் போட்டுவிட்டு இன்ஜினியரிங் போனவனுக்கு இது எதற்கு என்று நீ கேட்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்.

எல்லாம் மகளால் வந்தது. ஆறாம் வகுப்பில் எந்த வாத்தியம் வேண்டும் என்று ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். இவள் கை நீளத்தைப் பார்த்துவிட்டு, குழாயை நீட்டி மடக்கி ஊதுகிற டிராம்போன் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஜாஸ் பேண்டிலும் சேர்ந்தாள். பெற்றோர் யாராவது ஸ்டாண்டு தூக்க வர முடியுமா என்றார்கள், போனேன். அங்கேதான் அந்த டீச்சரைப் பார்த்தேன். கிளாரினெட்டில் பட்டம் வாங்கியவர், அணிவகுப்பு பேண்டு நடத்துவதில் கெட்டிக்காரர். டெக்சாஸில் அதுதான் முதல் வேலை. ஆகஸ்டு வெயிலில் ஆரம்பித்து ஃபுட்பால் சீசன் முடியும்வரை பிள்ளைகளும் வாத்தியாரும் மைதானத்தில்தான். ஜாஸுக்கு நேரம் நவம்பருக்கு அப்புறம்தான். ஒரு நாள் பிள்ளைகள் போனபிறகு அவர் என்னிடம், "நோட்டேஷனில் 'சோலோ' என்று வெறும் கட்டம் வந்தால், அங்கே சொந்தக் கற்பனையில் வாசிக்க வேண்டும், எனக்கே கை நடுங்கும், இவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவேன்?" என்றார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவருக்கு. பக்கத்துப் பள்ளி வாத்தியாருக்கும் இதே கதை, அதற்கடுத்த பள்ளியிலும் இதேதான். வெட்கத்தால் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் டென்டன். அமெரிக்காவிலேயே ஜாஸுக்கு முதன்முதலில் பட்டப்படிப்பு வந்தது அங்கேதான், 1947ல், இப்போது யுனிவர்சிட்டி ஆஃப் நார்த் டெக்சாஸ் என்கிறார்களே அங்கே. ஆரம்பித்தவர் ஜீன் ஹால். ஆனால் படிப்புக்கு ஜாஸ் என்று பேர் வைக்கவில்லை, 'நடன பேண்டு' என்று வைத்தார்கள். ஜாஸ் என்றால் அன்று கௌரவக் குறைச்சல். நம் பக்கத்தில் சதிர் பரதநாட்டியமான மாதிரி, பேரை மாற்றினால்தான் உள்ளே விட்டார்கள். இன்னொன்று, இதை இங்கே யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை: அந்த 1947ல் அந்தக் கல்லூரியில் கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது. அவர்கள் பெற்றெடுத்த இசைக்குப் பட்டம் உண்டு, அவர்கள் பிள்ளைக்கு நாற்காலி இல்லை. அதனால்தான் எங்கள் சங்கத்துக்கு எல்லை போடும்போது நான் கொஞ்சம் சண்டை போட்டேன். வடக்கே இருக்கிற வசதியான ஊர்கள் மட்டும் என்றுதான் பேச்சு இருந்தது. கறுப்பினத்தவர் நிறைய இருக்கிற தெற்கு டாலஸ் பள்ளிகள் இல்லாமல் ஜாஸ் சங்கம் வைத்தால் அது என்ன சங்கம்? கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த டென்டன் பேண்டுகளுக்குப் பேர் 'ஒரு மணி பேண்டு', 'இரண்டு மணி பேண்டு' என்றுதான் இருக்கும். ரிகர்சல் நேரமே பேராகிவிட்டது. அதில் ஒரு மணிதான் உசத்தி. நம் மிருதங்க சாரிடம் காலை ஐந்து மணிக்கு வந்தவர்கள் ஒரு ஜாதி, ஏழு மணிக்கு வந்த நாம் ஒரு ஜாதி, ஞாபகம் இருக்கிறதா?

சரி, சங்கத்துக்கு வருகிறேன். பதிவு செய்வதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. டெக்சாஸில் மூன்று இயக்குநர்கள் இருந்தால் போதும், மாநிலத்துக்கு 25 டாலர். வரிவிலக்குக்கு மத்திய வருமானவரித் துறைக்குச் சுருக்கப் படிவம், 275 டாலர். சின்னச் சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு போஸ்ட் கார்டு அளவுக்கு ஆன்லைனில் கணக்குச் சொன்னால் சரி. ஆனால் அதைத் தொடர்ந்து மூன்று வருஷம் மறந்தால் வரிவிலக்கு தானாகவே போய்விடும், யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். எத்தனையோ சங்கங்கள் செயலாளர் ஊர் மாறியதால் இப்படிச் செத்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் முதல் பொருளாளரும் வேலை மாறி வேறு மாநிலம் போனார், பாஸ்வேர்டும் கூடவே போனது. அந்தப் புலம்பல் தனிக் கடிதம்.

முதல் வருஷம் தலைக்கு 40 டாலர் சந்தா என்றோம், பதினோரு பேர் சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் வாத்தியாரிடம் வாங்குவதை விட்டுவிட்டுப் பள்ளிக்கு இவ்வளவு என்று மாற்றினோம். இருபத்தாறு பள்ளிகள். சொந்தப் பணம் போகாதபோது வாத்தியாருக்கு வர மனசு வருகிறது.

ஆனால் ஆள் சேர்ந்தது அதனால் மட்டும் இல்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாமல் வாத்தியார்களை மட்டும் வரச்சொன்னோம். பிள்ளைகள் உட்காரும் அதே நாற்காலிகளில் உட்காரவைத்தோம். நடத்த வந்தவர் வயதான சாக்ஸபோன்காரர், நாற்பது வருஷம் கிளப்புகளில் வாசித்தவர். எல்லோரும் பி ஃபிளாட் மட்டும் வாசியுங்கள் என்றார், அதாவது நம் கணக்கில் ஆறரைக் கட்டை. வேறு ஸ்வரம் தொடக்கூடாது, பன்னிரண்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) கொண்ட ப்ளூஸ் மெட்டு சுற்றிச் சுற்றி ஓடும், அந்த ஒரு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு தாளத்தில் என்ன வேண்டுமானாலும் பண்ணு. ஸ்வரம் தப்பவே முடியாது, அதனால் பயம் போய்விடுகிறது. நம் கிளாரினெட் டீச்சர் முதல் சுற்றில் ஒரே ஒரு தடவை 'ப்பீ' என்று ஊதிவிட்டு முகம் சிவந்து கீழே பார்த்தார். நாலாவது சுற்றில் அவரை நிறுத்துவதுதான் பாடாகிவிட்டது.

ஸ்விங் என்கிற ஜாஸின் சாய்ந்த நடை வந்தபோதுதான் எல்லோரும் தடுமாறினார்கள். எழுதியிருப்பது சமமான எட்டாம் பாகங்கள், வாசிப்பது சமமாக இருக்கக்கூடாது. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று எழுத்தில் வராது, கமகம் மாதிரி. பின்வரிசையில் ஸ்டாண்டு மடக்கிக்கொண்டிருந்த நான் வாய் சும்மா இல்லாமல், "தகிட தகிட என்று சொல்லுங்கள், அப்புறம் கி-யை முழுங்கிவிடுங்கள்" என்றேன். த...ட, த...ட. அந்தப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல் என்றார். பிறகு சிம்பலில், தா, த-ட, தா, த-ட. அறை முழுக்க முப்பது டெக்சாஸ் வாத்தியார்கள் தகிட சொல்கிறார்கள், முத்து! வேகம் கூடக் கூட அந்தச் சாய்வு குறைந்து சமமாகிவிடும் என்பதையும் அவர் வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து விஜய் ஐயர் உனக்குச் சொந்தமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஹார்வர்டில் சொல்லிக்கொடுக்கிற பியானோக்காரர், நம் ஊர்க்காரர்களுக்குப் பிறந்தவர் என்பதோடு எனக்கும் அவருக்கும் உள்ள சொந்தம் தீர்ந்தது.

இப்போது உன் சபாவுக்கு வருகிறேன். 1968ல் இங்கே ஜாஸ் ஆசிரியர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள், முதல் தலைவர் அதே ஜீன் ஹால். பிறகு சர்வதேசச் சங்கம் ஆனது, ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். 2008 ஜனவரியில் டொரன்டோவில் மாநாடு போட்டார்கள், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏப்ரலில் திவால். நாற்பது வருஷச் சங்கம் மூன்று மாதத்தில் இல்லை. வருஷம் ஒரு மாநாடு, அதன் வசூலை நம்பியே வண்டி ஓடியது. அதே வருஷம் சில பேர் மறுபடி ஒன்றுகூடி ஜாஸ் எஜுகேஷன் நெட்வொர்க் என்று ஆரம்பித்தார்கள், அது இன்றும் நடக்கிறது. நீயும் வருஷம் பத்து நாள் உற்சவம், அதற்கு ஒரு பெரிய வித்வான், அதற்கு ஒரு நகைக்கடை விளம்பரம் என்றுதானே வைத்திருக்கிறாய்? நகைக்கடைக்காரர் கையை விரித்தால் என்ன செய்வாய்?

நாங்களும் அந்த ஆசையில் ஒரு விழா வைத்துச் சூடு பட்டோம். ஒரு பள்ளியின் அரங்கத்தை மூன்று மாதம் முன்னாலேயே கேட்டு வாங்கியிருந்தோம். காலையில் போனால் உள்ளே மல்யுத்தப் போட்டி. சாப்பாட்டுக்கூடத்துக்கு மாறினோம். ஐஸ் மெஷின் விடாமல் ரீங்காரம். பேஸ் வாசிக்கிற பையன் ஒருவன் ஸ்ருதி சேர்த்துப் பார்த்துவிட்டு, "இந்த மெஷின் பி-யும் இல்லை, பி ஃபிளாட்டும் இல்லை, நடுவில் நிற்கிறது" என்று புகார் செய்தான். யோசித்தால் சரிதான், இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் விழும். நம் ஊரில் 50, கிட்டத்தட்ட ஐந்து கட்டை, உங்கள் ட்யூப் லைட்டோடு நீ சேர்ந்தே பாடலாம்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை, பத்துப் பேர் வந்தாலும் நடக்கும். ஒருவர் வாங்கிய நோட்டேஷனை அடுத்தவருக்கு இரவல் தருகிறோம் (நகல் எடுக்கக்கூடாது, அதில் கறார்). நியூயார்க்கில் ஜாஸ் அட் லிங்கன் சென்டர்காரர்கள் பல வருஷமாக ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் நோட்டேஷனைப் பள்ளிகளுக்கு இலவசமாகவே அனுப்புகிறார்கள், அது பாதிப் பேருக்குத் தெரியாது. அப்புறம் வாசிப்பவர்களை நடுநிலைப் பள்ளிகளுக்கு அழைத்துப்போகிறோம். டாலஸில் வளர்ந்த டிரம்பெட்காரர் ராய் ஹார்கிரோவ் சின்னப் பையனாக இருந்தபோது அவர் பள்ளிக்கு சாக்ஸபோன் வாசிக்கும் டேவிட் நியூமன் வந்து வாசித்தாராம், அதில் பிடித்ததுதான் அவருக்குக் கடைசிவரை விடவில்லை. நீ ஏன் அக்கம்பக்கத்து ஊர்களில் நாகஸ்வரம், தவில் சொல்லிக்கொடுப்பவர்களை மாதம் ஒருமுறை சபா திண்ணையில் உட்காரவைக்கக் கூடாது? மைக் வேண்டாம், விளம்பரம் வேண்டாம், காபி போதும். கலைப்பதை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்.

ஒரு உதவி. அடுத்த மாதம் 'நாலு நாலாக மாற்றிக்கொள்வது' பற்றிப் பேசப்போகிறோம், வாத்தியம் நாலு பார், டிரம்ஸ் நாலு பார். நம் தனியாவர்த்தனத்தில் மாற்றி மாற்றி வாசித்து அளவைக் குறைத்துக்கொண்டே வருகிற குறைப்பு மாதிரியே என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன், இப்போது வாசித்துக் காட்டு என்கிறார்கள். எனக்கு விரல் ஓடாது. ஆதி தாளத்தில் மெதுவாக ஒரு குறைப்பு, வாயால் சொல்லி, கையில் தாளம் தெரிகிற மாதிரி போனில் எடுத்து அனுப்பு. நம் சாரைக் கேட்டுப் பார், முடியாது என்றால் நீயே சொல்லு. எங்காவது இடறினால் பரவாயில்லை, இங்கே கண்டுபிடிக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

உன்
பாலு