படிவத்தை வாங்கினால் ஒப்புகையும் தாருங்கள்

என் தமக்கையாரின் வைப்புத் தொகையைக் காத்துவரும் வங்கியின் தலைமை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

என் தமக்கையாருக்கு வயது 76. எந்த ஓய்வூதியமும் இல்லாதவர். பூர்வீக வீட்டில் தம் பங்காக வந்த 24 லட்சம் ரூபாயைத் தங்கள் கிளையில் நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் 43,500 ரூபாய் வட்டியில் குடும்பம் நடத்துகிறார். ஆண்டுக்கு 1,74,000 ரூபாய். இந்த வருமானத்துக்கு வரி கிடையாது என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரி இல்லை என்பதைத் தெரிவிக்கும் படிவம் 15 ஹெச்சை ஆண்டுதோறும் கொடுத்துவருகிறோம். இந்த 2025-ஆம் ஆண்டும் ஏப்ரல் 9 அன்று, அவரையே நேரில் அழைத்துவந்து, கையொப்பமிடச் செய்து கொடுத்தேன். ஜூன் 30 அன்று அவர் கணக்கில் வரவானது 39,150 ரூபாய். மீதி 4,350 ரூபாய் டி.டி.எஸ்., அதாவது வட்டியிலேயே பிடித்துக்கொண்ட வரி, என்று குறுஞ்செய்தி வந்தது.

மறுநாளே கிளைக்கு வந்தேன். மேலாளர் விடுப்பு என்றார்கள். ஜூலை 4 அன்று வந்தேன். படிவம் கிடைக்கவில்லை, தேடிப் பார்க்கிறோம், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். செவ்வாய்க்கிழமை, அதாவது ஜூலை 8 அன்று வந்தபோது, பிடித்த வரியை நேற்றே அரசுக்குக் கட்டிவிட்டோம், இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும் என்ற விதியை ஒருநாள்கூடப் பிசகாமல் காப்பாற்றிய தங்கள் கிளையின் கடமையுணர்வை நான் மதிக்கிறேன். அதே கடமையுணர்வு ஏப்ரல் 9 அன்று எங்கே போயிருந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

படிவம் கொடுத்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். 32 ஆண்டுகள் அலுவலகக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். காகிதத்துக்குக் காகிதம் வாங்காமல் எதையும் கொடுத்தவன் அல்லன். அன்றும் ஒப்புகை கேட்டேன். “அப்படியெல்லாம் கொடுப்பதில்லை சார், வைத்துவிட்டுப் போங்கள்” என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதால் நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத் தயக்கத்தின் விலை 4,350 ரூபாய்.

அந்தத் தொகையைத் திரும்பப் பெறும் வழி என்ன என்பதைச் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன். வரம்புக்குக் கீழே வருமானம் உள்ள என் தமக்கையார் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பிடித்ததைத் திரும்பப் பெற வேண்டுமானால் தாக்கல் செய்தாக வேண்டும். அதையும் இந்த நிதியாண்டு முடிந்து, வரும் ஏப்ரலுக்குப் பிறகுதான் செய்ய இயலும். அதன்பின் அது பரிசீலனையாகி, ரீஃபண்டு வந்துசேர வேண்டும். ஆகமொத்தம், இந்த ஜூனில் போன பணம் அடுத்த ஜூனுக்குள் வந்தால் அது அவருடைய நல்ல காலம். அதற்குரிய வட்டியும் வரும் ஏப்ரல் முதல்தான் கணக்காகும். இடைப்பட்ட மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. 75 வயது கடந்தவர்களுக்குக் கணக்குத் தாக்கலிலிருந்து விலக்கு உண்டே என்று தங்கள் அதிகாரி ஒருவர் ஆறுதல் சொன்னார். அந்த விலக்கு ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் பெறுகிறவர்களுக்கானது. ஓய்வூதியமே இல்லாதவருக்கு அதிலும் இடமில்லை என்பதை வங்கி அதிகாரிக்கு நான் விளக்க வேண்டியதாயிற்று.

நிர்வாகத்திடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நேரில் கொடுக்கப்படும் ஒவ்வொரு 15 ஹெச் படிவத்துக்கும் அங்கேயே, அப்போதே, தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகை தர உத்தரவிடுங்கள். இது சலுகை அன்று. இந்தப் படிவங்களுக்கு ஒப்புகை தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு படிவத்துக்கும் தனி அடையாள எண் இட்டு, காலாண்டு அறிக்கையில் காட்ட வேண்டும் என்பதும் வருமான வரி விதிதான். எண் இடப்போகும் காகிதத்துக்கு முத்திரை இடுவதில் என்ன சிரமம்?

இணைய வழியில் கொடுத்தால் ஒப்புகை எண் உடனே வந்துவிடுமே என்பது தங்கள் தரப்பு விளக்கம். உண்மைதான். கைப்பேசியில் நான்கு முறை தட்டத் தெரிந்தவருக்கு ஒரு நிமிடத்தில் ஆதாரம் கிடைக்கிறது. முழங்கால் வலியோடு படியேறி வந்தவருக்கு “வைத்துவிட்டுப் போங்கள்” கிடைக்கிறது. மூத்த குடிமக்களுக்கு 15 ஹெச் படிவத்தை ஆண்டுக்கொருமுறை, முடிந்தால் ஏப்ரலிலேயே, வங்கிகளே வழங்க வேண்டும் என்று 2017-இல் வந்த அறிவுறுத்தல் யாரை எண்ணி எழுதப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? வழங்குவது இருக்கட்டும், நாங்களே நகலெடுத்துக் கொண்டுவருவதைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

ஜூலை 8 அன்று நான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, இன்னொரு மேசையிலிருந்து எழுந்துவந்த இளைஞர் ஒருவர் மிகுந்த அன்போடு தண்ணீர் கொடுத்து, ஒற்றைத் தவணையில் கட்டும் யூலிப் எனும், முதலீட்டோடு இணைந்த காப்பீடு ஒன்றை எனக்கு விளக்கினார். ஐந்தாண்டுகளுக்குப் பணத்தை எடுக்க முடியாது என்ற விவரம் மட்டும் நான் கேட்ட பிறகே வந்தது. அந்த மேசையில் வரிசை இல்லை. அங்கே கையொப்பமிட்டால் ரசீது உடனே கிடைக்கும், குறுஞ்செய்தி வரும், மறுநாள் நலம் விசாரித்துத் தொலைபேசி அழைப்பும் வரும். வங்கிக்கு வருவாய் தரும் காகிதம் எதுவும் இதுவரை தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வங்கி மூழ்கினால் கிடைக்கும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் என்பதால், பணத்தை நாலைந்து வங்கிகளில் பிரித்துப் போடுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் வங்கிக்கொரு படிவம், படிவத்துக்கொரு வரிசை, வரிசைக்கொரு ஜூலை 8 என்று கணக்குப் போட்டுப் பார்த்த தமக்கையார், எல்லாம் ஓரிடத்திலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மூத்த குடிமக்களின் வட்டிக்கு வரி பிடிக்கும் வரம்பை 2018-இல் 50,000 ரூபாயாகவும், 2025 ஏப்ரல் முதல் 1 லட்சமாகவும் அரசு உயர்த்தியது எங்கள் மேல் உள்ள அக்கறையால்தான்; மறுக்கவில்லை. அந்த அக்கறை கவுன்ட்டர் வரை வந்துசேரவில்லை என்பதே என் வருத்தம்.

கோபத்தில் வரம்பு மீறி எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன 4,350 ரூபாய்க்காக நாங்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கிறோம். ஆனால் அடுத்த வட்டி செப்டம்பர் 30 அன்று வரவாக வேண்டும். ஜூலை 8 அன்று இரண்டாம் முறையாகப் படிவம் கொடுத்தேன். முத்திரை மேலாளர் அறையில் இருப்பதாகச் சொல்லி அதற்கும் ஒப்புகை தரவில்லை. ஆகவே, நேரில் தரப்படும் படிவத்துக்கு அங்கேயே ஒப்புகை தரவேண்டும் என்ற உத்தரவை அதற்குள் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் திங்கட்கிழமை மூன்றாவது படிவத்தோடு தமக்கையாரை அழைத்துக்கொண்டு கிளைக்கு வருகிறேன். நகலின் கீழ்ப்பகுதியில் முத்திரைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தம்பி