பென்வித் கல்வரப்புகளைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்

இங்கிலாந்தின் வேளாண்மையைக் கவனிக்கும் டெஃப்ரா துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கார்ன்வாலின் மேற்கு முனையான பென்வித்தில், ஸென்னர் ஊரைச் சுற்றியிருக்கிற கல்வரப்புகளுக்காக எழுதுகிறேன். 2025 மார்ச் 11 சாயங்காலம், நிலத்தையும் வரப்பையும் பேணுகிற விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கும் நிலையான வேளாண் ஊக்கத் திட்டத்துக்கு இனிப் புது விண்ணப்பம் வாங்க மாட்டோம் என்று திடீரென்று நிறுத்தினீர்களே, அது பெரிய பண்ணைகளைவிட இந்த மாதிரிச் சின்ன வயல்காரர்களைத்தான் அதிகம் அடிக்கும் என்று நினைக்கிறேன். வரப்பைப் பார்த்துக்கொள்வதே அங்கே பாதி விவசாயம்.

ஒரு வரப்பைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அடியில் ஒற்றை ஆளால் அசைக்க முடியாத பாறாங்கற்கள், அவற்றில் சில வெண்கலக் காலத்திலிருந்தே அதே இடத்தில் இருப்பவை, மேலே சின்னக் கற்கள், சரியச் சரிய ஒவ்வொரு தலைமுறையும் எடுத்து அடுக்கியவை, நடுவில் மண். சரிவில் இருக்கிற வயலென்றால் மேட்டுப் பக்கம் வரப்பு குட்டையாகத் தெரியும், பள்ளத்துப் பக்கம் இறங்கி நின்றால் சுவர் மாதிரி உயர்ந்து நிற்கும். உழ உழ மண் கீழே இறங்கி வந்து வரப்பில் தேங்கியதால் வந்த உயரம் அது. வரப்பு போனால் அத்தனை காலம் சேர்ந்த மண்ணும் மழையோடு போய்விடும்.

ரோமானியர் ஆண்ட காலத்தில் பென்வித்தின் சைசாஸ்டரிலும் போசிக்ரானிலும் நடுவில் முற்றம் வைத்த கல்வீடுகளில் இருந்தவர்கள் இந்த நிலத்தில் உழுது, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். கிழக்கே எக்ஸெட்டரில் ரோமானிய நகரம் எழுந்தபோதும் இந்த மூலையில் தங்கள் பாணியில்தான் வீடு கட்டிக்கொண்டார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. அந்த வீடுகள் இப்போது சுற்றிப் பார்க்கும் இடங்கள். வயல்களில் மட்டும் இன்றைக்கும் மாடு மேய்கிறது.

1987இல் அரசு இங்கிலாந்தில் முதன்முதலாக அறிவித்த ஐந்து 'சூழல் நுண்ணுணர்வுப் பகுதிகளில்' மேற்குப் பென்வித்தும் ஒன்று. வரப்பை இடித்து வயலைப் பெரிதாக்காமல் பராமரிக்கிறவர்களுக்குப் பணம் கொடுத்தீர்கள், நல்ல முடிவு. அப்புறம் திட்டம் மாறியது, மறுபடி மாறியது. 2022இல் பென்வித் மேட்டுநிலத்துக்கு இயற்கைப் பாதுகாப்பு அந்தஸ்து வந்தது. புதர்நிலத்துக்கு நல்லதுதான், ஆனால் சரிந்த கல்லை எடுத்து வைக்க ஒரு ஆள் வேண்டுமே. இரண்டு கல் விழுந்த இடத்தில் மாடு ஏறி இறங்கப் பழகிவிட்டால் கொஞ்ச நாளில் அங்கே பெரிய உடைப்பாகிவிடும், அதைக் கட்ட ஆகும் கூலி முதலில் ஆகியிருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு.

அதனால் கேட்கிறேன். அடுத்த திட்டத்தில் பழைய வரப்புகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். மூன்று வருட ஒப்பந்தம் போதாது, பத்து வருடமாவது கொடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். தொகையை முடிவு செய்வதற்கு முன் ஸென்னர் விவசாயிகளைக் கூப்பிட்டு, ஒரு உடைப்பைக் கட்ட எத்தனை நாள் ஆகிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.