‘கைவிடு’ மட்டும் போதாது: ஆங்கிலம்–தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஆவணங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன். நாள்தோறும் உங்கள் அகராதிகளைப் புரட்டுகிறவன் என்ற உரிமையில், ‘ரிலிங்குவிஷ்’ (relinquish) என்ற ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லுக்காக எழுதுகிறேன்.

என் அத்தை பூர்விகச் சொத்தில் தன் பங்கைப் பெரியப்பாவுக்கு எழுதிக்கொடுக்க முன்வந்தார். வக்கீல் ஆங்கிலத்தில், ‘ரிலிங்குவிஷ்’ என்ற சொல்லோடு தயாரித்த வரைவைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. முடித்து, படித்துக் காட்டினேன். ‘என் உரிமையைக் கைவிடுகிறேன்’ என்ற வரி வந்ததும் அத்தை தாளின்மேல் கையை வைத்து மறைத்தார். “நான் யாரைக் கைவிட்டேன் தம்பி? அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று போடு” என்றார். என்னிடமிருந்த அகராதியில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு விட்டுவிடு, கைவிடு, துற என்று மூன்று சொற்கள் இருந்தன. அத்தை சொன்ன சொல் இல்லை.

‘ரிலிங்குவிஷ்’ என்பதன் வேர் லத்தீன். ‘லின்குவெரே’ என்றால் விட்டுச் செல்வது. ‘ரெ’ முன்னே சேர்ந்தால் பின்னே விட்டுச் செல்வது. பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. புனிதர்கள் விட்டுச்சென்ற எலும்பையும் உடைமையையும் குறிக்கும் ‘ரெலிக்’, மாலுமிகள் விட்டுப்போன கப்பலைக் குறிக்கும் ‘டெரலிக்ட்’ இரண்டும் இதன் உடன்பிறப்புகள். இன்னொன்றைப் படித்தபோது மனம் கனத்தது. ‘ரெலிக்ட்’ என்றால் முன்பு ஆங்கிலத்தில் கைம்பெண். கணவன் விட்டுச் சென்றவள். இங்கிலாந்தின் பழைய கல்லறைக் கற்களில் ‘இன்னாரின் ரெலிக்ட்’ என்றே பொறித்திருக்கிறார்கள். இந்த மூன்று சொற்களிலும் விடப்பட்டவையே தெரிகின்றன. ‘ரிலிங்குவிஷ்’ சொல்லும்போதுதான் விடுகிறவரின் கை தெரிகிறது.

அந்தக் கையில் முதலில் ஏதாவது இருந்தாக வேண்டும். இருந்ததை, பெரும்பாலும் சிறு தயக்கத்தோடோ வருத்தத்தோடோ, பிடி தளர்த்தி விடுவதே இந்த வினை. திக்கற்றவரை விட்டுப் போவதற்கு ‘அபாண்டன்’ இருக்கிறது. ‘கைவிடு’ அதற்குத்தான் பொருந்தும். ‘ரினவுன்ஸ்’ ஊரறியச் சொல்லித் துறப்பது. அதன் லத்தீன் வேரே அறிவித்தல்தான். 1936 டிசம்பரில் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு கையெழுத்திட்ட முடிதுறப்புப் பத்திரத்தில் அரியணையைத் துறப்பதற்கு எழுதப்பட்ட சொல் அதுவே.

தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை வந்தது 1989இல்; நாடு முழுவதற்கும் 2005இல். அவ்வளவு தாமதமாக வந்த உரிமையை ஒரு பெண் எழுதிக்கொடுக்கும்போது, அவள் கைவிட்டாளா, விட்டுக்கொடுத்தாளா, விடவைக்கப்பட்டாளா என்பது அவள் கையெழுத்திடும் தமிழிலேயே அவளுக்குத் தெரிய வேண்டாமா?

ஆகவே அடுத்த பதிப்பில், எதை விடுகிறோம் என்பதோடு சேர்த்துப் பொருள் தாருங்கள். பதவி என்றால் விலகு, துற. பிடி என்றால் தளர்த்து. உரிமை என்றால் விட்டுக்கொடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் போதும். வேரையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அத்தை கேட்டபடி மாற்றி எழுதித்தான் அனுப்பினேன். “இது அகராதியில் இருக்கிறதா?” என்று வக்கீல் கேட்டார். காட்ட என்னிடம் ஒரு பக்கமும் இல்லை. பத்திரத்தில் ‘கைவிடுகிறேன்’ என்றே அச்சாகியது. அத்தை அதன்கீழ் கையெழுத்திட்டார்.

அன்புடன்,
உங்கள் அகராதிகளின் வாசகன்