கூச்சப்பட்டு சௌனாவ விட்டுட்டு வந்துடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கி பத்தி வந்த பயணக் கட்டுரைய எங்க அக்கா ஊர்லேருந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா. நான் குடும்பத்தோட இந்த ஊர்லதான் இருக்கேன், அதனால ஒரு வரி விடாம படிச்சேன். சர்ச், கோட்டைத் தீவு, டிராம், மார்க்கெட் எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க. ஆனா சௌனா, அதாவது இந்த ஊர் ஆவிக் குளியல் அறைன்னு வந்ததும் கடலோரத்துல இருக்குற ஒரு காஸ்ட்லியான இடத்த மட்டும் சொல்லிட்டு, மத்த இடங்கள்ல துணி இல்லாம குளிப்பாங்க அதெல்லாம் நம்ம குடும்பங்களுக்கு சரிப்படாதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர்.

சரிப்படாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்ல. ஹெல்சிங்கி மாநகராட்சி நடத்துற நீச்சல் ஹால்கள் ஊர் பூரா இருக்கு, டிக்கெட் இங்க ஒரு சினிமாவுக்கு ஆகுறத விட கம்மி, அதுக்குள்ளயே நீச்சல் குளமும் சௌனாவும் சேர்த்துதான். வாசல்ல கையில மாட்ட ஒரு பட்டை குடுப்பாங்க, அதுதான் லாக்கருக்கு சாவி. செருப்ப வெளியிலயே கழட்டி வச்சிட்டு போனா பொம்பளைங்களுக்கு தனி ரூம், தனி ஷவர், தனி சௌனா, ஆம்பளைங்களுக்கு அதே மாதிரி தனி. குளத்துக்கு மட்டும்தான் எல்லாரும் சேர்ந்து வருவாங்க, அங்க எல்லாரும் நீச்சல் டிரஸ்லதான் இருப்பாங்க, கழுத்துலேருந்து கணுக்கால் வரைக்கும் மூடுற டிரஸ்ஸும் போட்டுக்கலாம். துணி இல்லாம இருக்கறது ஷவர்லயும் சௌனாவுலயும் மட்டும், அதுவும் பொம்பளைங்க பக்கம் பொம்பளைங்க மட்டும். உடை மாத்துற இடத்துல போன் எடுத்து போட்டோ எடுக்கவே கூடாது, யாராவது போன கையில வச்சிருந்தா கூட பக்கத்துல இருக்கறவங்களே சொல்லிடுவாங்க.

ஏன் துணிய கழட்டி குளிக்கச் சொல்றாங்கன்னா அதுல வெக்கம் மானம்ங்கற பேச்சே கிடையாது, சுத்தம்தான் விஷயம். நீச்சல் குளத்துப் பக்கம் போனாலே ஒரு நெடி அடிக்கும், கண்ணு எரியும், நாம அத குளோரின் ஜாஸ்தின்னு நினைச்சுக்கறோம். பெரும்பாலும் அது மனுஷ உடம்புலேருந்து வர்ற வேர்வையும் சிறுநீரும் குளோரினோட சேர்ந்து உண்டாகுற குளோரமின். எல்லாரும் சோப்பு போட்டு ஒழுங்கா குளிச்சிட்டு இறங்கினா அந்த நெடி அவ்வளவா வராது. நீச்சல் டிரஸ்ஸ போட்டுகிட்டே ஷவர்ல நின்னா துணிக்கு அடியில இருக்கற அழுக்கு எங்க போகும், அப்படியே தண்ணிக்குள்ளதான் போகும். நம்மூர் பொம்பளைங்க வந்தா இன்னொன்னும் சொல்லணும், தலையில தேங்காய் எண்ணெய் வச்சிருந்தா ஷாம்பு போட்டு நல்லா அலசிட்டு, முடிய இறுக்கி முடிஞ்சிட்டுதான் இறங்கணும்.

கூச்சம் இருக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். அம்மா முன்னாடி கூட துணி மாத்தாம வளர்ந்தவங்க நாம. எனக்கும் முதல் தடவை கை காலெல்லாம் மரத்துப் போச்சு, தலைய நிமிர்த்தவே முடியல. ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா யாரும் யாரையும் பாக்கவே இல்ல. எண்பது வயசு பாட்டி உக்காந்து முதுகு தேய்ச்சுகிட்டு இருக்காங்க, பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு, அந்தப் பக்கம் குழந்தைய இடுப்புல வச்சிகிட்டு ஒரு அம்மா, சிசேரியன் தழும்போட ஒருத்தங்க, ஒரு பக்கம் மார்பு எடுத்தவங்க ஒருத்தங்க சாதாரணமா ஷாம்பு பாட்டில தேடிகிட்டு இருக்காங்க. உடம்புன்னா இப்படித்தான் இருக்கும், தொங்கும், சுருங்கும், தழும்பு இருக்கும்னு எனக்கு அங்கதான் உறைச்சுது. எம் பொண்ணு இத பாத்துதான் வளர்றா. வயசுக்கு வந்த பிறகு நான் பட்ட அவதி எதுவும், குண்டா இருக்கேன் கருப்பா இருக்கேன்னு கண்ணாடி முன்னாடி நின்னு அழுததெல்லாம் அவளுக்கு இல்ல. இதுக்காகவே நான் இந்த ஹால்களுக்கு காலத்துக்கும் நன்றி சொல்வேன்.

இனி சௌனா. மரப் படிக்கட்டு மாதிரி மூணு நாலு அடுக்கு பெஞ்ச் இருக்கும், மேல போகப் போக சூடு ஜாஸ்தி, புதுசா போறவங்க கீழ் படியிலயே உக்காரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உக்கார்றதுக்கு அடியில ஒரு சின்ன துண்டோ பேப்பர் விரிப்போ போட்டுக்கணும். உள்ள எண்பது டிகிரி சுமாருக்கு இருக்கும், கேக்கவே பயமா இருக்கும், ஆனா காத்து வறட்சியா இருக்கறதால தாங்கலாம். அடுப்பு மேல அடுக்கியிருக்கற கல்லுல ஒரு கரண்டி தண்ணி ஊத்தினதும் எழும்புற ஆவிக்குப் பேர்தான் லோய்லு, அது வந்து தோள்ல காதுல அப்படியே படியும். தெர்மாமீட்டர்ல சூடு ஏறியிருக்காது, ஆனா அந்த ஆவி நம்ம தோல் மேல தண்ணியா மாறும்போது அதுல இருக்கற சூட்ட எல்லாம் நம்மகிட்ட இறக்கிட்டு போயிடும், அதனாலதான் திடீர்னு கொதிக்கிற மாதிரி இருக்கு.

எங்க பக்கத்து ஹால்ல வழக்கமா வர்ற ஒரு பாட்டி இருக்காங்க, பக்கெட் பக்கத்துலதான் உக்காருவாங்க. கரண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எல்லார் மூஞ்சியையும் பாத்து ஊத்தவான்னு கேப்பாங்க, யாராவது வேணாம்னு தலையாட்டினா கரண்டிய அப்படியே திரும்ப பக்கெட்ல வச்சிடுவாங்க. எனக்கு முதல்ல மூச்சு முட்டினப்ப அவங்கதான் தண்ணிய கையில தொட்டு மூஞ்சில வச்சுக்க, கீழ் படிக்கு இறங்கி உக்காருன்னு சைகையில சொல்லிக் குடுத்தாங்க. சௌனாவுல சர்ச்சுல இருக்கற மாதிரி நடந்துக்கணும்னு இந்த ஊர்ல ஒரு பழமொழியே இருக்கு, சத்தம் போட்டு சண்டை போடறது, ஏடாகூடமா பேசறது எதுவும் கிடையாது. முன்னாடியெல்லாம் கிராமத்துல பிரசவம் பாத்ததும் சௌனாவுலதான், செத்தவங்கள கழுவினதும் அங்கதான், அந்த மரியாதை இன்னும் இருக்கு. 2020ல யுனெஸ்கோ பின்லாந்து சௌனா வழக்கத்த மனிதகுல மரபுப் பட்டியல்ல சேர்த்தாங்க. அம்பத்தஞ்சு லட்சம் பேர் இருக்கற நாட்டுல முப்பது லட்சம் சௌனா இருக்கும்னு சொல்றாங்க.

முக்கியமா ஒண்ணு, எந்தப் பயணக் கட்டுரையிலயும் வராதது. தாலிச் செயின், வளையல், தோடு, கொலுசு எல்லாம் கழட்டிட்டு போங்க. தங்கமும் வெள்ளியும் அந்த சூட்டுல நல்லா சூடாயிடும், அசைஞ்சா தோல்ல சுருக்குன்னு சுடும். தாலிய கழட்ட மனசு வராதவங்க அன்னைக்கு மட்டும் மஞ்சக் கயித்துல கோத்துக்கலாம், என் சினேகிதி அப்படித்தான் பண்றாங்க. பிரஷர், இதயக் கோளாறு இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க டாக்டர கேட்டுட்டு போகணும், குடிச்சிட்டு போகவே கூடாது, வெளிய வந்ததும் நிறைய தண்ணி குடிக்கணும்.

கட்டுரை எழுதினவங்க கல்லியோ பக்கம் போயிருந்தாங்கன்னா வேற மாதிரி எழுதியிருப்பாங்க. அது ஒரு காலத்துல தொழிலாளிங்க குடியிருந்த ஏரியா, வீட்டுல குளிக்க வசதி கிடையாது, அதனால தெருவுக்குத் தெரு பொது சௌனா. ஹெல்சிங்கில ஒரு சமயம் நூறுக்கும் மேல இருந்துச்சாம். அப்புறம் புதுசா கட்டின அபார்ட்மெண்ட்லயே சௌனா வந்துடுச்சு, ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்துல ஒரு மணி நேரம் முறை போட்டு குடுப்பாங்க, எங்க பில்டிங்லயும் உண்டு, பொது சௌனா ஒண்ணொண்ணா மூடிட்டாங்க. அதுல தப்பிப் பிழைச்சது கோட்டிஹார்யு, 1928லேருந்து விறகு அடுப்புல ஓடிகிட்டு இருக்கு. 1929ல ஆரம்பிச்ச ஆர்லாவும் அதே ஏரியாதான். கோட்டிஹார்யு வாசல்ல பனிக்காலத்துல கூட இடுப்புல துண்டோட ஆளுங்க ஆவி பறக்க உக்காந்து மூச்சு வாங்குவாங்க, தெருவுல போறவங்க திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க. சனிக்கிழமைதான் இவங்களுக்கு சௌனா நாள். நம்ம வீட்டுல தாத்தா காலத்துல சனிக்கிழமை ஆம்பளைங்க எண்ணெய் தேய்ச்சு வெந்நீர்ல குளிச்சிட்டு மத்தியானம் அசந்து தூங்குவாங்கல்ல, அந்த அசதியும் அந்த முகமும் அப்படியே இங்க பாக்கலாம்.

யிர்யோன்காட்டு நீச்சல் ஹால்தான் என் மனசுக்குப் பிடிச்சது. அதுவும் 1928தான், பின்லாந்துல முதல்ல கட்டின பொது நீச்சல் ஹால், வைனோ வாஹாகல்லியோ கட்டினது. வளைவு வளைவா தூணு, நடுவுல பச்சையா நீலமா குளம், மேல மாடியிலேருந்து எட்டிப் பாக்கற மாதிரி கட்டியிருப்பாங்க. மத்த ஹால் மாதிரி இல்லாம இங்க குளத்துக்கும் பொம்பளைங்களுக்கு தனி நாள், ஆம்பளைங்களுக்கு தனி நாள். முன்னாடி எல்லாருமே துணியில்லாமதான் நீந்தணும், 2001லேருந்து டிரஸ் போட்டுக்கவும் விடறாங்க, அது உங்க இஷ்டம். மாடி டிக்கெட் எடுத்தா சின்னதா ஒரு தடுப்பு ரூம், அதுல படுத்துக்க ஒரு கட்டில், குளியல் அங்கி, விறகு சௌனா எல்லாம் உண்டு, கீழ தண்ணி சத்தம் கேட்டுகிட்டே ஒரு காபியோட படுத்துக்கலாம். வீட்டு வேலை, ஆபீஸ் வேலைன்னு ஓடற ஒரு பொம்பளைக்கு இத விட என்ன வேணும்னு எனக்கு தெரியல. கோடையிலயும் ரிப்பேர் வேலை நடக்கும்போதும் மூடியிருக்கும், அதனால பாத்துட்டு கிளம்புங்க.

பசங்களோட வர்றவங்க இடாகெஸ்குஸ் ஹாலுக்கு கூட்டிட்டுப் போங்க, பாறைய குடைஞ்சு பூமிக்கு அடியில கட்டியிருக்காங்க, 1993ல திறந்தது. போர்னு வந்தா 72 மணி நேரத்துல தண்ணிய வெளியேத்திட்டு 3,800 பேர் தங்கற பதுங்கு அறையா மாத்திடலாம். கோடையில வந்தா 1952 ஒலிம்பிக் நடந்த நீச்சல் ஸ்டேடியம் இருக்கு. அது 1940 ஒலிம்பிக்குக்காக ஆரம்பிச்சது, உலகப்போரால நின்னு போய் அப்புறம் முடிச்சாங்க. அதே அம்பது மீட்டர் குளத்துல டிக்கெட் எடுத்து யார் வேணாலும் நீந்தலாம், வெந்நீர் கலந்ததுதான்.

கட்டுரையில சொன்ன கடலோர இடத்த நான் குறை சொல்லல. லோய்லுன்னே பேர் வச்ச அந்த சௌனா 2016ல வந்தது, புகைபோக்கி இல்லாம சூடு பண்ற புகை சௌனாவும் இருக்கு, ஆம்பளை பொம்பளை எல்லாரும் நீச்சல் டிரஸ்ல சேர்ந்து உக்காந்துட்டு அப்படியே கடல்ல இறங்கலாம். கணவன் மனைவி சேர்ந்து போகணும்னாலோ கூச்சம் சுத்தமா விடலன்னாலோ அங்க போங்க, ஆனா மாநகராட்சி ஹால் டிக்கெட் மாதிரி பல மடங்கு ஆகும். காசே வேணாம்னா சோம்பாசௌனா இருக்கு, 2011ல சில பேர் கிடைச்ச பலகை இரும்ப வச்சு தாங்களே கட்டினது, அந்த இடத்துல வீடு கட்ட ஆரம்பிச்சதும் வேற இடத்துக்கு தூக்கிட்டு போய் இன்னும் நடத்தறாங்க, ராத்திரி பகல் எப்பவும் திறந்திருக்கும், விறகு போடறதும் கூட்டறதும் வர்றவங்களேதான்.

இந்த ஹால்கள் டூரிஸ்ட்டுக்காக கட்டினது இல்லங்க. இங்க ஸ்கூல்லயே நீச்சல் பாடம் இருக்கு, ஆழத்துல விழுந்து மேல வந்து 200 மீட்டர் நீந்தணும், அதுல 50 மீட்டர் மல்லாந்து, அப்பதான் நீச்சல் தெரியும்னு ஒத்துக்குவாங்க. எம் பொண்ணு அப்படித்தான் கத்துகிட்டா. கிளாஸ் பசங்கள வாத்தியாருங்க கூட்டிட்டு வர்ற அதே குளத்துல காலையில ரிட்டயர் ஆனவங்க, சாயந்திரம் டிரைவருங்க, கிளீனிங் வேலை பாக்கறவங்க, டாக்டருங்க. ஷவர்ல நிக்கும்போது யார் என்ன வேலைன்னு யாருக்கும் தெரியாது.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையில சௌனாவுக்குள்ள நீச்சல் டிரஸ்லயே போலாம்னு பொதுவா போட்டிருக்கு. கடலோர இடங்களுக்கு அது சரி, ஆனா மாநகராட்சி ஹால்கள்ல அது கூடாது, சுவத்துலயே படம் போட்டு ஒட்டியிருப்பாங்க, குளோரின் ஊறின துணி சூட்டுல நெடி அடிக்கும்னு கூட இருக்கறவங்க கழட்டிட்டு வரச் சொல்வாங்க, நம்மாளுங்க கூனிக் குறுகிப் போவாங்க. மே, ஜூன் லீவுக்கு நிறைய பேர் பசங்கள பாக்க இங்க வர்றாங்க, அதுக்குள்ள ஒரு சின்ன திருத்தமா போட்டீங்கன்னா உபகாரமா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஹெல்சிங்கி