குணாவுக்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து

அன்புள்ள குணா,

நாங்கள் நலம். நீ, தங்கச்சி, கவின் மூவரும் நலம்தானே? உன் குரல் பதிவை இரவு ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து வரும் பஸ்ஸில் கேட்டேன். பாதிப் பதிவு கவினின் ரயில் பைத்தியம், மீதி உன் புலம்பல். "நாலு வருஷமா இதே கதைடா, வேற எதுலயும் மனசு போகல, வீட்டுல வச்சுப் படிக்க வச்சதே தப்போ"ன்னு கேட்டிருந்தாய். போனில் பேச ஆரம்பித்தால் நாம் பழைய கதைக்குப் போய்விடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்த நாளிலிருந்து எங்கள் சமையலறை எவ்வளவு அழுக்கு என்பதைத் தினமும் எடுத்துச் சொல்கிறார். சாந்தி கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாள். எனக்கு வேலை அதேதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். அவனைத் திருப்பாதே. அதைவிட முக்கியம், அந்த ரயிலைப் பிடித்து அவனுக்குக் கணக்கு சொல்லித்தரப் பார்க்காதே. யாரைக் கேட்டாலும் "அவன் ஆசையையே பாடமாக்கிடுங்க" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். எங்கள் மகள் யாழினிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு டியூஷன் அக்கா அதைத்தான் செய்தார். "உனக்குப் பிடித்த எட்டுக்கால் பூச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுது" என்றார். இவள் குடையைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். நல்ல கட்டுரைதான், அக்காவுக்குத்தான் வருத்தம். யோசித்துப் பார்த்தால் பிள்ளை செய்தது சரி. அது அவளுக்கே அவளுக்கு என்று இருக்கும் ஒரே இடம். அங்கேயும் ஒருவர் சிவப்புப் பேனாவோடு வந்து உட்கார்ந்தால் அவள் எங்கே போவாள்?

உனக்கு நினைவிருக்கும், எஸ்டேட்டில் நாம் தீப்பெட்டிக்குள் எட்டுக்கால் பூச்சி வைத்துச் சண்டை விட்டது. ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு இலைகளைப் பிரித்துத்தானே பிடிப்போம்? அது தியானியா பாமோயென்சிஸ் என்று யாழினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சண்டை போடுவது ஆண், இலைகளைப் பட்டிழையால் சேர்த்துக் கட்டுவதும் அதுவே செய்கிற வேலை, "நீங்க அதோட வீட்ட ஒடச்சிருக்கீங்கப்பா" என்று என்னைத் திட்டினாள். அவளுக்கு இது தொடங்கியது ஆறு வயதில், இழுப்பு அடிக்கடி வந்து வீட்டிலேயே கிடந்த காலத்தில், குளியலறை ஜன்னலில். இப்போது பதினொன்று. இன்னும் விடவில்லை.

போன வருடத்திலிருந்து அவள் மனது முழுக்க லிஃபிஸ்தியஸ். நம் பினாங்குக் கொடிமலையில் நிழல் விழும் பாதையோர மண்சரிவில் குழி தோண்டி, உள்ளே பட்டு பூசி, மண்ணும் பாசியும் ஒட்டிய கதவு போட்டு வாழ்கிற சாதி. கதவு மூடியிருந்தால் உன் மூக்குக்கு நேரே இருந்தாலும் தெரியாது. வாசலிலிருந்து சில இழைகள் விசிறி மாதிரி வெளியே நீண்டிருக்கும். போகிற பூச்சி ஏதாவது அதைத் தட்டினால் உள்ளே இருப்பதற்குச் சேதி போகும். இரவில்தான் வேட்டை. மற்ற எட்டுக்கால் பூச்சிகளுக்கு வயிறு வழவழப்பாக இருக்கும், இதற்கு மேலே தகடு தகடாக இருக்கும். முப்பது கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில் இருக்கும் அமைப்பு அது.

இந்தப் பேரினத்தில் முதல் இனத்துக்கு 1849-இல் ஷியோட்டே என்ற டென்மார்க்காரர் பெயர் வைத்தார், அதுவும் பினாங்கிலிருந்து போனதை வைத்து. இதைப் படித்துவிட்டு யாழினி என்னிடம் கேட்டது, "சூயஸ் கால்வாய் 1869-லதானே தொறந்தாங்க, அப்புறம் எந்த வழியாப் போச்சு?" எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் உலக வரைபடத்தை விரித்து ஆப்பிரிக்காவைச் சுற்றி விரலை ஓட்டினோம். கப்பல், காற்று, மசாலா, கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஒரு வாரம் ஓடியது. யாரும் அதை வரலாற்றுப் பாடம் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வரைபடத்தைச் சுருட்டி வைத்திருப்பாள்.

உனக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, தெரியுமா? பத்துமலையில் 272 படி ஏறுகிற வழியில் இருக்கும் இருட்டுக் குகை. அங்கே இருக்கும் லிஃபிஸ்தியஸ் பட்டுவென்சிஸ் 1923-இல் பெயர் வாங்கியது. காவடியோடு நாம் எத்தனை தரம் அதைக் கடந்து போயிருக்கிறோம். குகை சில வருடங்களாகப் பொதுமக்களுக்கு மூடித்தான் கிடக்கிறது. யாழினிக்கு அதில் ஒரே ஆத்திரம்.

நாங்கள் செய்தது என்ன என்று கேட்டாய். பெரிதாக ஒன்றுமில்லை. நான் வண்டி ஓட்டுகிறேன், டார்ச் பிடிக்கிறேன், வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். கடைசிதான் கஷ்டம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று, தலையில் கட்டும் விளக்கு ஒன்று, தொழிற்சாலைப் பொருட்களைப் பழசாக விற்பவரிடமிருந்து ஒரு மைக்ராஸ்கோப். கடைசியதுக்கு மட்டும் கொஞ்சம் காசு. சாந்தி முதலில் முறைத்தாள், அப்புறம் அரிசியில் இருக்கும் வண்டைப் பார்க்க அவளே உட்கார்ந்துவிட்டாள். எதையும் பிடித்து வருவதில்லை, படம் மட்டும்தான். தெலுக் பஹாங் தேசியப் பூங்கா மாதிரி இடங்களில் அனுமதி இல்லாமல் பூச்சிகளை எடுத்து வரவும் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் படத் தளத்தில் போடுகிறோம், அவளுக்குப் பதின்மூன்று ஆகாததால் என் கணக்கில். அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற ஒருவர் "நீ சொன்ன பெயர் தப்பு, கண்களின் வரிசையைப் பார்" என்று எழுதினார். வயதைக் கேட்கவில்லை, "வெரி குட் பாப்பா" என்றும் சொல்லவில்லை. தப்பு என்று மட்டும் சொன்னார். யாழினி அந்த இரண்டு வரியைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைத்திருக்கிறாள். நாம் ஆயிரம் தரம் பாராட்டினாலும் அது கிடைக்காது குணா. விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் நம் பிள்ளையைச் சரிசமமாக நினைத்துத் திருத்துவது வேறு.

நடுவில் சில மாதம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு நகப்பூச்சு, பாட்டு என்று திரிந்தாள். மைக்ராஸ்கோப் மேல் துண்டு கிடந்தது. சாந்தி "காசு போச்சு" என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் துண்டு கீழே கிடந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. எட்டுக்கால் பூச்சி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடும் என்று நம்புகிற ஆள் நானில்லை. நாளைக்குத் தனி வேட்பாளராக எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதினாலும் மலாய் மொழியும் வரலாறும் தேறினால்தான் சான்றிதழ். அதற்கு எந்தப் பூச்சியும் உதவிக்கு வராது. அதனால் காலையில் சாந்தியிடம் மலாய், கணக்கு, வாய்ப்பாடு, எல்லாம் உண்டு. சலிப்பாக இருக்கிறது என்பாள். சலிப்பாகத்தான் இருக்கும், செய் என்கிறோம். மதியத்துக்கு மேல் அவள் நேரம், அதில் நாங்கள் நுழைவதில்லை. அப்புறம், பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கக் கல்வி அமைச்சிலிருந்து வாங்கிய விலக்குக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா? தொடக்கக் கல்வி 2003-இலிருந்து கட்டாயம், கடிதம் இல்லையென்றால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும், எங்கேயோ பழைய நாளிதழுக்கு நடுவில் சொருகியிருப்பாய்.

கவினுக்கு வருவோம். நீ செந்தூலில் இருந்துகொண்டு ரயில் பைத்தியத்துக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறாய்! அந்த ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் உட்கார்ந்திருப்பார்களே. ஒருவரைப் பிடித்து, பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீ வேறு மேசைக்குப் போய்விடு. எங்கே பார்த்தாலும் ரயில் ஒன்றுதான் என்று நீ நினைக்கிறாய். கேடிஎம் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம், எல்ஆர்டிக்கு 1,435 மில்லிமீட்டர், மோனோரயிலுக்குத் தண்டவாளமே இல்லை, ஒரே ஒரு விட்டம். ஏன் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி என்று அவனிடம் கேட்டுப்பார். பரீட்சை மாதிரி இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேள். உனக்கு நிஜமாகவே தெரியாது, அது வசதி.

வளர்ந்ததும் விட்டுவிடுவானா? விடலாம். யாழினியும் விடலாம். நான் அவளை விஞ்ஞானி ஆக்கும் கணக்கில் இதைச் செய்யவில்லை, அப்படி ஒரு கணக்கு போட்டால் பிள்ளைக்கு வாசனை தெரிந்துவிடும்.

பள்ளி விடுமுறைக் கூட்டம் நமக்கெதற்கு? உங்களுக்கும் எங்களுக்கும்தான் பள்ளி இல்லையே, சாதாரண வாரத்தில் வாருங்கள். இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வரை, அங்கிருந்து ஃபெரி. கொடிமலை ரயில் 1923-இல் தொடங்கியது. நம் காலத்தில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறுவோமே, 2011-இலிருந்து நேராக மேலே போகிறது. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும், ஒரே கயிற்றின் இரண்டு முனை, நடுவில் விலகிக்கொள்ள ஓர் இடம். அங்கே முன் கண்ணாடி ஓரம் நிற்க கவினுக்கு இடம் பிடித்துத் தருகிறேன். திரும்பும்போது அவன் யாழினிக்கு ரயிலை விளக்கட்டும், அவள் அவனுக்கு மண்சரிவில் கதவைக் காட்டட்டும். இரண்டும் ஒன்றையொன்று காது கொடுத்துக் கேட்குமா என்பது சந்தேகம்தான்.

முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் கொண்டுவரச் சொல், அட்டை இருக்கும். தங்கச்சி போடும் எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் வேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னார். எந்த வாரம் என்று சொல், என் ஷிப்டை மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மணி